மணலும் புல்லும்: ஓர் அரையிறுதிக்கு முன்

வருகின்ற சனிக்கிழமை பிற்பகல், யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கிலே, பதினெட்டு வயதுக்குட்பட்ட பாடசாலை அணிகளுக்கான மாகாண மட்ட உதைபந்தாட்டத்தின் அரையிறுதி ஆட்டமொன்று நடைபெறவிருக்கின்றது. மோதவிருக்கும் அணிகளுள் ஒன்று, நான் ஆறாம் தரத்திலிருந்து உயர்தரம் வரை பயின்ற நகரத்துக் கல்லூரியினது. மற்றையது, ஐந்தாம் தரம் வரை நான் பயின்ற, வடமராட்சி கிழக்குக் கரையோரத்துக் கிராமப் பாடசாலையினது. கல்லூரியின் பழைய மாணவர்கள் இவ்வாட்டத்தையொட்டி ஒரு சிறு மலர் வெளியிடுகின்றனர். இரு பாடசாலைகளையும் அறிந்தவன், அத்துடன் கலைப்பீடத்திலே தமிழ் படிப்பவன் என்பதனால், போட்டிக்கு ஒரு முன்னோட்டம் எழுதித் தருமாறு என்னைக் கேட்டிருந்தார்கள். ஒரு பக்கம் போதும் என்றார்கள்.

நான்கு நாட்களாக முயன்றும் அந்த ஒரு பக்கத்தை என்னால் எழுத முடியவில்லை. முடியாமற் போனமைக்குரிய காரணங்களை ஒழுங்குபடுத்திப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை. இது அச்சேறி உங்கள் கைகளை வந்தடையும்போது ஆட்டத்தின் முடிவு ஊரறிந்த செய்தியாகியிருக்கும். ஆதலால் இங்கு நான் சொல்லப்போகும் சில இரகசியங்களால் எவருக்கும் பாதகம் நேராது.

முன்னோட்டம் எழுதுவதற்கென்று ஒரு வழக்கமான வாய்பாடு உண்டு. நானும் அதனையே முதலில் எழுதினேன். "ஒருபுறம் இயற்கையாக அமைந்த ஆற்றல், மறுபுறம் பயிற்சியால் வாய்த்த ஒழுங்கு. வெல்லப்போவது எது?" என்பது என் முதல் வாக்கியம். எழுதியவுடன் எனக்கே அது பிடித்திருந்தது. மறுநாட் காலையில் வாசித்தபோது வெட்டிவிட்டேன். அது பொய்யான வாக்கியம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதனை நம்புகிறவன் எந்தக் கேள்வியும் கேட்க வேண்டியதில்லை. கரையோரத்துப் பையன்களுக்கு ஆற்றல் கடலிலிருந்து வந்தது, நகரத்துப் பையன்களுக்கு ஒழுங்கு கல்லூரியிலிருந்து வந்தது என்று வைத்துவிட்டால், ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் ஏன் இல்லை என்ற வினா எழுவதேயில்லை.

முதலில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன். கல்லூரி அணி இச்சுற்றில் நான்கு ஆட்டங்களில் ஒன்பது கோல்களைப் போட்டு, ஒரேயொரு கோலை மட்டுமே வாங்கியிருக்கின்றது. அதுவும் தண்ட உதையால் வந்தது. பின்வரிசையினர் நால்வரும் ஒரு கயிற்றிற் கட்டப்பட்டவர்கள் போல முன்னேறிப் பின்வாங்குவர். கோல் காப்பாளன் பந்தை உயர்த்தி அடிப்பதில்லை; அருகிலிருப்பவனுக்கு உருட்டிவிடுவான். அங்கிருந்து பந்து நிலத்தோடு நிலமாக, காலிலிருந்து காலுக்கு நகர்ந்து செல்லும். பார்ப்பவருக்குச் சில வேளைகளில் அலுப்புத் தட்டலாம். எதிரணிக்கோ அது மூச்சு முட்டச் செய்யும் ஆட்டம்.

கிராமப் பாடசாலை அணி அதே நான்கு ஆட்டங்களில் பதினான்கு கோல்களைப் போட்டு, எட்டை வாங்கியிருக்கின்றது. காலிறுதியிலே நான்குக்கு நான்கு என்று சமநிலையில் நின்று, சமநிலை தவிர்ப்பு உதைகளால் வென்றது. அவர்களிடம் பந்து சென்றால் அடுத்து என்ன நிகழும் என்பதை அவர்களுடைய ஆசிரியராலும் சொல்ல முடியாது. ஒருவன் மூவரைக் கடந்து செல்வான், நான்காமவனிடம் இழப்பான், இழந்த இடத்திலேயே இடுப்பில் கைவைத்து நிற்பான். அதற்குள் பந்து மறுமுனையை அடைந்துவிடும். இடதுபுற முன்வரிசையில் ஆடுபவன் என் தம்பி.

இவ்விரு வகை ஆட்டங்களுக்கும் இடையிலான முரண்பாடு, நாடுகளுக்கிடையிலான உதைபந்தாட்டம் தோன்றிய நாளிலிருந்தே இருந்து வருவது. 1872 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் திகதி, கிளாஸ்கோ நகரத்துத் துடுப்பாட்ட மைதானமொன்றிலே ஸ்கொத்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. அதிகாரபூர்வமான முதலாவது நாடுகளுக்கிடையிலான ஆட்டம் என்று வரலாறு இதனைப் பதிந்து வைத்திருக்கின்றது. எவரும் கோல் போடவில்லை. இங்கிலாந்து வீரர்கள் பாரமான உடல்வாகினர். பல கழகங்களிலிருந்து சேர்க்கப்பட்டவர்கள். பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு தனித்து ஓடுவதே அக்காலத்து அவர்களது வழக்கம். ஸ்கொத்லாந்தினர் இலகுவான உடலினர். பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்தாடும் முறை அவர்களது பெயரோடு இணைந்தே பின்னர் வளர்ந்தது. இதற்குக் காரணமாக அவர்களது நாட்டுக் குணத்தையோ இரத்தத்தையோ கூற வேண்டியதில்லை. அன்று ஆடிய ஸ்கொத்லாந்தினர் பதினொருவரும் குயின்ஸ் பார்க் என்னும் ஒரே கழகத்தைச் சேர்ந்தவர்கள். ஒன்றாய் ஆடிப் பழகியவர்கள். எவன் எங்கு நிற்பான் என்று அறிந்தவனே பந்தைத் தன் காலிலிருந்து விடத் துணிவான். அறியாதவன் தன் காலையே நம்புவான்.

இதனை வாசித்தபோது எங்கள் கடற்கரை என் நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊரில் மைதானம் என்று ஒன்று இருக்கவில்லை. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எழுந்து வந்தபோது பழைய பாடசாலை போயிற்று. அப்போது எனக்கு இரண்டு வயது. பின்னர் யுத்தத்தால் ஊரே பெயர்ந்தது. மீளக் குடியமர்ந்தபோது, கடலிலிருந்து தள்ளி, புதிய கட்டடமொன்று எழுந்தது. அதைச் சுற்றிலும் கணுக்கால் புதையும் மணல். ஆகவே பந்து விளையாடுவதற்கு நாங்கள் கடற்கரைக்கே சென்றோம். ஒருபுறம் கடல், மறுபுறம் வாடிகளும் காயவிட்ட வலைகளும். இடையே கிடைத்த ஒடுங்கிய நிலம்தான் எங்களது ஆடுகளம். நான்கு துடுப்புகளை நட்டால் இரண்டு கோல்கள்.

மணலில் விளையாடியவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதன்று. மணலிற் பந்து உருளாது. பத்து யார் தூரத்திலிருப்பவனுக்கு உருட்டிவிட்டால் நான்காவது யாரிலே நின்றுவிடும். ஆதலால் பந்தைக் காலோடு கொண்டு செல்ல வேண்டும். அல்லது கிளப்பி அடிக்க வேண்டும். காலடியில் ஒவ்வொரு கணமும் நிலம் நழுவுவதால் உடல் தானாகவே வளைந்து நிமிரக் கற்றுக்கொள்ளும். கெண்டைக்கால் இறுகும். பார்ப்பவர்கள் இதனைத்தான் 'இயற்கையான ஆற்றல்' என்கின்றனர். அது இயற்கைதான், ஆனால் எங்களுடைய இயற்கையன்று, மணலின் இயற்கை.

மற்றொன்றும் உண்டு. சோளகம் வீசும் மாதங்களிலே, கடலிற் சென்ற பந்து திரும்பி வராது. காற்று அதனை வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். ஊரில் இருந்தது ஒரே பந்து. அதனைக் கடலுக்குக் கொடுத்தவன் அடுத்த பந்து வரும் வரைக்கும் எல்லோரிடமும் ஏச்சு வாங்குவான். மறுபுறத்திலே வலையில் பந்து விழுந்தாற் சம்மாட்டியிடம் ஏச்சு. ஆகவே எங்கள் பையன்கள் எவரும் ஓரத்தால் ஓடுவதில்லை. எந்தப் பக்கத்தில் நின்றாலும் உள்ளே திரும்புவர். எவரும் கற்பித்ததன்று. எட்டு வயதுக்குள் காலில் ஊறிவிட்ட பழக்கம்.

புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து கல்லூரி விடுதிக்குச் சென்றபோது எனக்குப் பத்து வயது கடந்திருந்தது. முதல் வாரத்திலே மைதானத்துக்கு அழைத்துச் சென்றார்கள். வெட்டி, உருட்டி, கோடு போட்ட புற்றரை. எனக்கு எதிரே நின்றவன் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டான். மணலில் வருவதுபோல் வந்து நிற்கும் என்று காத்திருந்தேன். அது நிற்காமல் என் காலுக்கடியாற் போய் எல்லைக்கோட்டையும் கடந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பயிற்றுவித்த சேர் மட்டும் சிரிக்கவில்லை. "மணலிலை விளையாடினனியோ?" என்று கேட்டார். "ஓம் சேர்" என்றேன். "அப்ப கால் நல்லா இருக்கும். கண்ணைத்தான் பழக்கவேணும்" என்றார்.

கண்ணைப் பழக்குவதற்கு அவருக்கு இரண்டாண்டுகள் பிடித்தன. நாள்தோறும் மாலை நான்கு மணிக்குப் பயிற்சி. முடிந்ததும் விடுதியில் அவித்த முட்டையும் பாலும். என் வாழ்விலே முதன்முதலாகச் சப்பாத்து அணிந்தது அங்கேதான், கல்லூரி தந்தது. வலதுபுறப் பின்வரிசையில் என்னை நிறுத்தினார். என்னுடன் பின்வரிசையில் நின்ற மூவரோடும் ஐந்தாண்டுகள் ஒன்றாய் உண்டு, ஒன்றாய் உறங்கினேன். அவர்களுள் எவன் எப்போது முன்னேறுவான் என்பதை நான் திரும்பிப் பார்க்காமலே அறிவேன். எங்களைப் பார்த்தவர்கள் 'ஒழுங்கு' என்றார்கள். நகரத்தவரின் பிறவிக் குணமென்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. மாலை நான்கு மணி ஓய்வாக இருந்த பதினொரு பையன்களுக்கு அது வாய்த்தது.

நிலமும் சப்பாத்தும் இத்துணை முக்கியமா என்று கேட்பவர்கள் 1954 ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தை நினைவுகூரலாம். சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் ஹங்கேரியும் மேற்கு ஜேர்மனியும் மோதின. ஹங்கேரி 1950 முதல் தோல்வியே காணாத அணி. அதே சுற்றின் முற்பகுதியில் மேற்கு ஜேர்மனியை 8-3 என்று வென்றிருந்தது. இறுதியாட்டத்திலும் முதல் எட்டு நிமிடங்களுக்குள் இரண்டு கோல்களைப் போட்டது. ஆயினும் 3-2 என்று மேற்கு ஜேர்மனியே வென்றது. அன்று மழை. மைதானம் சேறு. ஜேர்மனியர் அணிந்திருந்த சப்பாத்துகளில், அடிக் குமிழ்களைக் கழற்றி, நிலத்துக்கேற்ப நீளமானவற்றை மாட்டும் வசதி இருந்தது. வெற்றிக்கு அது மட்டுமே காரணமென்பது மிகை. காரணங்களுள் அதுவும் ஒன்றென்பதை மறுப்பார் இல்லை. வெற்றியைப் பற்றிப் பாடுவோர் வீரரின் நெஞ்சுறுதியைப் பாடுவர். நிலத்தை எவரும் பாடுவதில்லை.

ஒன்றிணைந்து செயற்படுதல் எங்கள் ஊராருக்குத் தெரியாத ஒன்று என்று எவரேனும் சொன்னால், அவரைக் கரைவலை இழுக்கும் இடத்துக்கு அழைத்துச் செல்வேன். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டு, வள்ளம் கடலிலே வளைந்து சென்று வலையை இறக்கி, மறு முனையைச் சற்றுத் தொலைவிற் கரை சேர்க்கும். இரு முனைகளிலும் இரு கூட்டத்தார் நின்று இழுப்பர். ஒரு கூட்டம் முந்தினால் வலை சரியும், மீன் வெளியேறிவிடும். இரு பக்கமும் ஒரே அளவில் இழுத்து, மெல்ல மெல்ல நெருங்கி, இறுதியில் மடியைக் கரையேற்ற வேண்டும். அந்த அளவைக் காப்பதற்காகவே அம்பாப் பாடல்கள் எழுந்தன. இன்று சில இடங்களில் உழவு இயந்திரங்கள் இழுக்கின்றன, பாட்டு நின்றுவிட்டது. ஆனால் என் தகப்பனார் காலத்து மனிதர்கள் ஐம்பது யார் தொலைவிலிருப்பவனின் கைவலுவைக் கயிற்றின் அசைவைக் கொண்டே அறிந்தவர்கள். இதைவிட வேறென்ன ஒழுங்கு வேண்டும்?

ஆகவே அந்த ஊர்ப் பையன்களுக்கு ஒன்றுபடத் தெரியாது என்பது தவறு. ஒன்றுபடுவதற்கான நேரம் அவர்களுக்கு ஆடுகளத்திற் கிடைக்கவில்லை. அணியின் பதினொருவரில் ஆறு பேர் தொழிலுக்குச் செல்கிறவர்கள். ஒருவன் விடியப் போய் வருவான். மற்றவன் பின்னேரம் வலை தெரிவான். பதினொருவரும் ஒன்றாய் நிற்கும் பயிற்சி வாரத்துக்கு ஒருமுறை நடந்தால் அதிசயம்.

இனி, இவ்வளவு நேரமும் நான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும் விடயத்துக்கு வருகின்றேன்.

2019 ஆம் ஆண்டில் இதே மாகாணப் போட்டியிலே, காலிறுதியில், இதே இரு பாடசாலைகளும் சந்தித்தன. நான் கல்லூரியின் வலதுபுறப் பின்வரிசை. ஆட்டத்துக்கு முதல்நாள் இரவு விடுதியில் சேர் எங்களைக் கூட்டிவைத்துக் கதைத்தார். "இவங்களைப் பற்றி உனக்குத் தெரியுமே, சொல்லு" என்றார். சொன்னேன். அவர்கள் ஓரத்தால் ஓடமாட்டார்கள். எப்போதும் உள்ளே திரும்புவார்கள். உட்பக்கத்தை அடைத்து நின்று வெளிப்பக்கத்தைத் திறந்துவிட்டால் என்ன செய்வதென்று தெரியாமல் திகைப்பார்கள் என்றேன். ஏன் அப்படி என்று ஒருவன் கேட்டான். கடலைப் பற்றியும் ஊரின் ஒரே பந்தைப் பற்றியும் சொன்னேன். எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் நான் சொன்னபடியே நடந்தது. என் பக்கம் வந்தவன் என்னோடு ஐந்தாம் தரம் வரை ஒரே வாங்கில் இருந்து படித்தவன். ஒவ்வொரு முறையும் உள்ளே திரும்பினான். ஒவ்வொரு முறையும் நான் அங்கே நின்றேன். வெளிப்பக்கம் இருபது யார் புல் வெறுமையாகக் கிடந்தது. அவனுடைய கண்ணுக்கு அங்கே கடல்தான் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோம். ஆட்டம் முடிந்து கைகுலுக்கியபோது அவன், "நீ எல்லாத்தையும் சொல்லிப்போட்டாய், என்ன?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்குப் பதில் வரவில்லை.

ஊரிலிருந்து வந்திருந்தவர்களோடு என் தம்பியும் வந்திருந்தான். அப்போது அவனுக்குப் பதினொரு வயது. என்னோடு பேசாமலே வாகனத்தில் ஏறிவிட்டான். அந்த விடுமுறைக்கு வீடு சென்றபோதும் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பேசினான், பேசாமல் இருக்க ஒரே அறையில் இடமில்லை.

நான் செய்தது பிழையா? ஆட்டத்தின் விதிகளில் அதற்கு எதிராக ஒரு வரியும் இல்லை. எதிரணியை அறிந்து ஆடுவது விளையாட்டின் ஒரு பகுதி. என்னை வளர்த்தெடுத்த கல்லூரிக்கு நான் கடமைப்பட்டவன். இவையனைத்தும் உண்மை. ஆயினும் நான் அறிந்திருந்தது ஆட்டத்தைப் பார்த்து அறிந்ததன்று. அங்கு பிறந்ததனால் அறிந்தது. ஊரின் இல்லாமையால் விளைந்த ஒரு பழக்கத்தை, அந்த இல்லாமையிலிருந்து தப்பிய நான், அதன் பலவீனமாக எடுத்துக் கொடுத்தேன். "ஒருத்தன் படிக்கட்டும், ஒருத்தன் கடலைப் பார்க்கட்டும்" என்று அப்பா எங்களைப் பிரித்திருந்தார். நான் படித்தேன். படித்ததை முதன்முதலாகப் பயன்படுத்தியது அதற்குத்தான்.

இப்போது தம்பிக்குப் பதினேழு வயது. சென்ற ஆண்டு அப்பாவுக்கு முதுகு முடியாமற் போனதிலிருந்து அவனும் கயிறு பிடிக்கிறான். உயர்தரம் படிக்கிறான் என்று பாடசாலை இடாப்பிற் பெயர் இருக்கிறது. சனிக்கிழமை தோற்றால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முழுநேரமும் தொழிலுக்கு வருவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறானாம். வென்றால் இறுதியாட்டம் வரைக்கும் பொறுக்கும்படி கேட்டிருக்கிறான். இறுதியாட்டத்தின் பின்னர் தேசிய மட்டம். விளையாட்டிலே பெயர் பெற்றவர்களுக்கு எங்கேனும் ஒரு கதவு திறக்கலாம் என்று அவனுடைய ஆசிரியர் சொல்லிவருகிறார். ஆக, கல்லூரிப் பையன்களுக்கு இது ஓர் அரையிறுதி. தம்பிக்கு இது அடுத்த வாரம் எங்கே இருப்பது என்ற வினா. ஒரே ஆட்டத்துக்குள் இரண்டு வேறு ஆட்டங்கள் நடக்கவிருக்கின்றன. ஒரு பக்க முன்னோட்டத்தில் இதை எந்த வரியில் வைப்பது?

திங்கட்கிழமை இரவு தம்பி அழைத்தான். ஆட்டத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.

"அண்ணை, நாங்கள் இப்ப வெளியாலையும் போவம்."

"எப்பிடி?"

"கடலுக்குள்ள இறங்கித்தான் பழகினனாங்கள். முழங்கால் தண்ணியிலை பந்தோடை ஓடுறது. ஒரு வருசமா. பந்து போனால் நீந்திப் போய் எடுக்கிறது."

ஏன் இதை என்னிடம் சொன்னான் என்று நெடுநேரம் யோசித்தேன். 2019 ஐ அவன் மறந்திருக்க முடியாது. என்னைச் சோதிக்கிறானா, மன்னிக்கிறானா, அல்லது அண்ணனிடம் பெருமையடித்துக் கொள்ளும் சாதாரணத் தம்பியாக இருந்தானா? கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சேர் அழைத்தார். மலருக்கு எழுதியாயிற்றா என்று விசாரித்தார். பிறகு, "தம்பியின்ரை அணியைப் பற்றி ஏதும் தெரியுமோ? இன்னமும் உள்ளுக்குத்தான் திரும்புறாங்களோ?" என்று கேட்டார். அவர் கேட்டதில் எந்தத் தவறும் இல்லை. தன் அணிக்காக அவர் கேட்கத்தான் வேண்டும். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவரிடம் பொய் சொல்ல நா எழவில்லை.

"சேர், இந்த முறை நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "சனிக்கிழமை வாறியோ? பஸ்ஸுக்குக் காசு இருக்கோ?" என்று கேட்டார்.

1968 ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தின் அரையிறுதியொன்று நேப்பிள்ஸ் நகரில் நடைபெற்றது. இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் மேலதிக நேரத்தின் பின்னரும் கோலின்றி நின்றன. நாணயத்தைச் சுண்டிப் பார்த்து இத்தாலியை இறுதியாட்டத்துக்கு அனுப்பினார்கள். அது கிண்ணத்தையும் வென்றது. இது நியாயமன்று என்ற எண்ணம் வலுத்தமையால் 1970 இல் சமநிலை தவிர்ப்பு உதை முறை விதிகளிற் சேர்க்கப்பட்டது. நாணயத்தைவிட அது மேலானதென்பதில் ஐயமில்லை. கோலின் அகலம் இருவருக்கும் 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர். மத்தியஸ்தர் ஊதியது முதல் விதிகள் இருவரையும் ஒப்பவே நடத்துகின்றன. ஆனால் ஊதுவதற்கு முன்னரே பல நாணயங்கள் சுண்டப்பட்டுவிட்டன. எவன் மணலிற் பிறந்தான், எவன் புல்லிற் பயின்றான், எவனுக்குப் பத்து வயதிலே புலமைப்பரிசில் கிடைத்தது, எவனுக்குக் கிடைக்கவில்லை என்பவை எல்லாம் அவற்றுட் சில. ஒரே வீட்டில் இரண்டு முறை சுண்டினார்கள். ஒருமுறை எனக்கு விழுந்தது.

இதனால் நகரத்துப் பையன்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பதாக எவரும் கருத வேண்டாம். மாலை நான்கு மணிப் பயிற்சியின் வியர்வையை நான் அறிவேன். அவர்கள் ஆடும் ஆட்டம் அழகானது. அதன் அழகு, ஒருவன் மற்றவனை நம்புவதிலே இருக்கின்றது. தம்பியின் அணியினர் அதைக் கற்க வேண்டுமென்று விரும்புகிறேன். அதேபோல, தோற்றால் என்ன நேரும் என்று தெரிந்தும் நடுங்காமல் மூவருக்குள் புகுந்து செல்லும் அந்தத் துணிவையும் கல்லூரிப் பையன்கள் ஒருமுறை அருகிலிருந்து காண வேண்டும்.

ஆட்டம் எப்படிப் போகும் என்று கேட்டால், என் கணிப்பு இதுதான். முதல் இருபது நிமிடங்களும் கிராமத்து அணியினது. மணலிற் பழகிய கால் புல்லின்மீது பறக்கும். அந்நேரத்தில் அவர்கள் கோல் போடாவிட்டால், கல்லூரி அணி பந்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அவர்களை ஓடவிட்டுக் களைப்பிக்கும். இடைவேளைக்குப் பின்னர், பின்வரிசையில் வெளிக்கும் இடைவெளியாற் கோல் வரும். மழை பெய்து நிலம் ஊறினால், பந்து உருளுவது குறையும். நிலம் சற்றே மணலைப்போல நடந்துகொள்ளும். அது கிராமத்தவருக்கு அனுகூலம். தம்பி வெளிப்பக்கத்தால் ஓடினால், கல்லூரியின் வலதுபுறப் பின்வரிசையில் நிற்பவன் முதல் தடவை ஏமாறுவான். இரண்டாம் தடவை ஏமாறமாட்டான். சேர் அவனை அவ்வாறுதான் பழக்கியிருப்பார். ஆகவே அந்த முதல் தடவையிலேயே எல்லாம் இருக்கின்றது.

வெள்ளிக்கிழமை இரவு கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்படும் பேருந்தில் ஆசனம் பதிந்துவிட்டேன். அரங்கிலே எந்தப் பக்கத்தில் இருப்பது என்பதை இன்னமும் முடிவு செய்யவில்லை. கல்லூரியின் பழைய மாணவர்கள் எனக்கு இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஊரிலிருந்து வாகனம் வருகிறது; அம்மாவும் வருகிறார். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவனும் வருகிறானாம்.

இதனை எழுதி முடித்தபின் மலருக்கான பக்கத்தையும் எழுதி அனுப்பிவிட்டேன். அதில் ஆற்றல் என்றோ ஒழுங்கு என்றோ ஒரு சொல்லும் இல்லை. இரு அணிகளிலும் ஆடுவோரின் பெயர்களை எழுதினேன். ஒவ்வோர் அணியும் எத்தகைய நிலத்திலே, வாரத்துக்கு எத்தனை நாள், நாளின் எந்த வேளையிற் பயில்கின்றது என்பதை அடுத்து எழுதினேன். கடலுக்குள் ஓடிப் பழகியதை மட்டும் எழுதவில்லை, அது அவர்களுடையது. பக்கத்தில் பாதி வெறுமையாகவே கிடந்தது. அங்கே விளம்பரம் ஏதும் போட்டுக்கொள்வதாகப் பதில் வந்திருக்கிறது.